பழைய முழங்கால் காயத்துக்கு அறுவைச் சிகிச்சை வேண்டுமா? சிலம்பம், கராத்தே பயின்றவர்கள் முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சிலம்பத்தில் எகிறிச் சுழன்று இறங்கியபோதோ, கராத்தேயில் உதைத்த வேகத்தில் ஊன்றிய கால் திருகிக்கொண்டபோதோ முழங்காலில் அடிபட்டு, அதைப் பல ஆண்டுகள் அப்படியே விட்டுவிட்டு, இப்போது "ஆபரேஷன் செய்துகொள்வதா, இப்படியே ஓட்டிவிடுவதா" என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தருமபுரிப் பக்கம் பிள்ளைகளுக்குச் சிலம்பம் கற்றுக்கொடுப்பவன் நான், மருத்துவன் அல்லன். என் இடது முழங்காலுக்கு 11 ஆண்டுகள் தாமதித்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்டேன். அதன்பின் என்னிடம் பயின்ற சிலருக்குத் துணையாக மருத்துவமனை வரை போய் வந்திருக்கிறேன். அவர்களில் சிலர் செய்துகொண்டார்கள். சிலர் செய்துகொள்ளாமலே நன்றாக நடமாடுகிறார்கள்.

எல்லோரும் தடுமாறியது ஒரே இடத்தில்தான். ஸ்கேன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுக்கப் பார்த்தார்கள். கிழிந்திருக்கிறதா என்பதைத் தாள் சொல்லும். அந்தக் காலை வைத்துக்கொண்டு நீங்கள் வாழும் வாழ்க்கையை நடத்த முடியுமா என்பதை அது சொல்லாது. கீழுள்ள வரிசை அந்த இரண்டாவது கேள்விக்கு விடை தேடும் வரிசை. முன்பின் மாற்றாமல் போனால்தான் பயன்.

இந்த வரிசை சிலருக்குப் பொருந்தாது. முழங்கால் மடங்கிய நிலையிலேயே பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் இருந்தாலோ, மூட்டு சிவந்து சூடேறிக் காய்ச்சலும் சேர்ந்திருந்தாலோ, பாதம் மரத்துப்போனாலோ, அடிபட்டுச் சில நாட்களே ஆகியிருந்தாலோ இதைப் படிப்பதை விட்டுவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்.

1. காயத்தின் கதையை ஒரே தாளில் எழுதுங்கள்

மருத்துவரிடம் போவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. அரசு மருத்துவமனையின் எலும்பியல் புறநோயாளிகள் பிரிவில் ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் நின்று உள்ளே போனால், உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அதற்குள் பத்து ஆண்டுக் கதையை நினைவிலிருந்து சொல்ல முயன்றால் முக்கியமானது விடுபடும்.

எழுத வேண்டியவை இவை: எந்த ஆண்டு, எந்த அசைவில் அடிபட்டது; அப்போது 'டப்' என்று சத்தம் கேட்டதா; வீக்கம் சில மணி நேரத்துக்குள் வந்ததா, மறுநாள் வந்ததா; அன்றைக்கே மறுபடி கம்பைப் பிடித்து ஆட முடிந்ததா; அதன்பின் எத்தனை முறை கால் நழுவியது; என்னென்ன சிகிச்சை செய்தீர்கள்.

வீக்கம் வந்த நேரத்தைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. சத்தத்தோடு சில மணி நேரத்துக்குள் மூட்டு உப்பினால் உள்ளே இரத்தம் கசிந்திருக்க வாய்ப்பு அதிகம், மூட்டுக்குள் எலும்புகளைப் பிணைக்கும், ஏ.சி.எல். எனப்படும் குறுக்கு லிகமென்ட் அறுந்தால் பெரும்பாலும் அப்படித்தான் ஆகும். எலும்புகளுக்கு இடையில் மெத்தைபோல் கிடக்கும் மெனிஸ்கஸ் மட்டும் கிழிந்தால் வீக்கம் மெதுவாக, பலருக்கு மறுநாள்தான் வரும்.

புத்தூர்க் கட்டுப் போட்டதையோ, முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் குழைத்துப் பற்றுப் போட்டதையோ, ஆசான் எண்ணெய் தேய்த்து இழுத்துவிட்டதையோ மறைக்க வேண்டாம். மருத்துவர் முகம் சுளிப்பார் என்று அஞ்சிப் பலர் சொல்லாமல் விடுகிறார்கள். கட்டுப் போட்டு எத்தனை வாரம் காலை அசைக்காமல் வைத்திருந்தீர்கள் என்பது, தொடைத் தசை ஏன் இளைத்தது, மூட்டு ஏன் முழுமையாக மடங்கவில்லை என்பதற்கான விடையாக இருக்கலாம். வெளியே போடும் கட்டு, மூட்டுக்குள் அறுந்த குறுக்கு லிகமென்ட்டின் இரு முனைகளையும் சேர்த்து வைக்காது. அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

2. கிழிந்தது எந்த 'ஜவ்வு' என்று தெரிந்துகொள்ளுங்கள்

"ஜவ்வு கிழிஞ்சிருக்குங்க" என்றுதான் எல்லோரும் வந்து சொல்கிறார்கள். நம் ஊர்ப் பேச்சில் லிகமென்ட்டும் ஜவ்வுதான், மெனிஸ்கஸும் ஜவ்வுதான், எலும்பின் முனையைப் போர்த்திய குருத்தெலும்பும் ஜவ்வுதான். இந்த மூன்றுக்கும் சிகிச்சை வேறு, காத்திருப்பதால் வரும் கேடு வேறு, ஓய்வெடுக்க வேண்டிய காலமும் வேறு. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஜவ்வு ஆபரேஷன் செய்து ஒரே மாதத்தில் வயலுக்குப் போனார் என்ற செய்தி உங்களுக்குப் பொருந்துமா என்பது, அவருக்குக் கிழிந்த ஜவ்வு எது என்பதைப் பொறுத்தது.

ஏ.சி.எல். என்பது தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டுக்குள் குறுக்காகப் பிணைக்கும் நார். கீழ்க்கால் முன்னே சரியாமலும், திரும்பும்போது வழுக்காமலும் அது பிடித்துக்கொள்கிறது. அது போனால் நேராக நடக்கலாம், சைக்கிள் மிதிக்கலாம். திடீரென்று திரும்பும்போதுதான் கால் ஏமாற்றும். மெனிஸ்கஸ் என்பது இரு எலும்புகளுக்கும் இடையில் பிறை வடிவில் கிடக்கும் மெத்தை. ஒரு மூட்டில் இரண்டு உண்டு. அது கிழிந்தால் சம்மணமிடும்போது, குந்தும்போது ஒரு பக்கமாகக் குத்தும். கிழிந்த துண்டு இடையில் மாட்டினால் மூட்டு பூட்டிக்கொள்ளும். குருத்தெலும்பு தேய்ந்தால் காலையில் விறைப்பும், படி இறங்கும்போது வலியும் இருக்கும்.

3. வலியையும் நழுவலையும் இரண்டு வாரம் தனித்தனியாகக் குறியுங்கள்

ஒரு பழைய நோட்டு போதும். இடது பக்கம் வலி, வலது பக்கம் நழுவல். கால் தானாக மடங்கி உடம்பு சரியப் பார்ப்பதே நழுவல். வலிக்குமோ என்று பயந்து நீங்களே காலைத் தளர்த்துவது அதில் சேராது. எங்கே, என்ன செய்யும்போது என்பதையும் எழுதுங்கள்: வரப்பில் நடக்கும்போதா, டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதா, சுவடு (சிலம்பக் காலடி) வைத்துத் திரும்பும்போதா.

பிரித்து எழுதச் சொல்வதற்குக் காரணம், குறுக்கு லிகமென்ட் அறுவைச் சிகிச்சை நழுவலுக்கானது என்பதுதான். பழைய மூட்டில் வலிக்குத் தேய்மானம், தசை இளைப்பு, உடல் எடை என்று வேறு காரணங்கள் இருக்கலாம். புதிய லிகமென்ட் வைத்தாலும் அந்த வலி அப்படியே நிற்கலாம். வலிக்காகச் செய்துகொண்டு, "கால் இப்போது நழுவவில்லை, ஆனால் வலி போகவில்லையே" என்று ஏமாந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதே சமயம் நழுவலை அலட்சியப்படுத்தவும் கூடாது. ஒவ்வொரு முறை கால் சரியும்போதும் மெனிஸ்கஸும் குருத்தெலும்பும் அடி வாங்க வாய்ப்பு உண்டு.

4. முதலில் மருத்துவரின் கை, பிறகு எம்.ஆர்.ஐ.

நேராக ஸ்கேன் மையத்துக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு மருத்துவரைத் தேடுவது தலைகீழ் வரிசை. அனுபவமுள்ள எலும்பியல் மருத்துவர் உங்களைப் படுக்க வைத்து, முழங்காலைச் சற்றே மடக்கி, கீழ்க்காலை முன்னே இழுத்துப் பார்க்கும்போது லிகமென்ட்டின் நிலை பெரும்பாலும் தெரிந்துவிடும். இரண்டு காலையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வேட்டியோ தளர்ந்த அரைக்கால் சட்டையோ உடுத்திப் போங்கள். ஜீன்ஸ் போட்டுப் போய், கழற்றக் கூச்சப்பட்டு, துணிக்கு மேலேயே பரிசோதனையை முடித்துக்கொண்டு வந்த மாணவன் ஒருவன் எனக்கு உண்டு.

எக்ஸ்ரே எடுத்தால் நின்றுகொண்டு எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். படுத்து எடுத்த படத்தில் எலும்புகளுக்கு நடுவே இடைவெளி இருப்பதுபோல் தெரியும். எடை ஏறினால்தான் தேய்மானம் வெளிப்படும்.

எம்.ஆர்.ஐ. தேவையற்றது என்று நான் சொல்லவில்லை. அறுவைச் சிகிச்சையைத் திட்டமிட அது வேண்டும். ஆனால் அது எதையும் விடாமல் எழுதிவிடும். அமெரிக்காவில் 50 முதல் 90 வயது வரையுள்ள 991 பேரின் முழங்காலைப் படம் எடுத்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், மெனிஸ்கஸ் கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய மாதத்தில் வலியோ விறைப்போ இல்லை. நடுவயதைத் தாண்டிய ஆசான்கள் தாளில் 'கிழிசல்' என்று பார்த்ததும் கலங்க வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

5. மூன்று மாதம் உண்மையான பயிற்சி செய்யுங்கள்

இதுதான் எல்லோரும் தாண்டிப் போகும் படி. நானும் தாண்டினேன். முழங்கால் முழுதாக நீளாத நிலையிலேயே, பயிற்சி எதுவும் செய்யாமல், அறுவை மேசையில் படுத்துவிட்டேன். அதன் விலையாக, அறுவைக்குப் பின் காலை நேராக்கவே ஐந்து மாதம் போராட வேண்டியிருந்தது.

"பிசியோ பண்ணிட்டேன், பலன் இல்லை" என்று சொல்பவர்களை விசாரித்தால், பத்து நாள் போய்ப் படுத்துக் கரண்ட் வைத்துக்கொண்டு வந்திருப்பார்கள். கரண்ட்டும் ஒத்தடமும் வலியைச் சற்றுத் தணிக்கலாம், தசையை வளர்க்காது. உங்களுக்குத் தேவை, வாரந்தோறும் கடினம் கூடிக்கொண்டே போகும் பயிற்சி. இயன்முறை மருத்துவர் ஒருவரிடம் முதலில் கற்று, பிறகு வீட்டில் செய்து, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை அவரிடம் காட்டித் திருத்திக்கொள்ளலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஊர்களிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. இதற்காக பெங்களூருக்கு அலைய வேண்டியதில்லை. அப்படி அடிக்கடி போய்வர முடியாத மலையூர்க்காரர்கள், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் இயன்முறைச் சேவை தங்கள் பகுதிக்கு எப்போது வருகிறது என்று சுகாதார நிலையத்தில் கேட்டுப் பார்க்கலாம். அந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான்.

பயிற்சிக்குள்ளும் ஒரு வரிசை உண்டு. முதலில் கால் முழுதாக நீள வேண்டும்: பாயில் காலை நீட்டி உட்கார்ந்தால் முழங்காலின் பின்புறம் மற்றக் காலைப் போலவே தரையை நோக்கிப் படிய வேண்டும். அடுத்து முன்தொடையின் பலம்: காலை நீட்டியபடி தூக்குதல், அரைக்குந்தல், படி ஏறி இறங்குதல். அதோடு பின்தொடையையும் இடுப்பையும் சேர்க்க வேண்டும், ஏ.சி.எல். இல்லாத காலில் கீழ்க்கால் எலும்பு முன்னே சரியாமல் பின்னே இழுத்துப் பிடிப்பது பின்தொடைத் தசைதான். பிறகு ஒற்றைக்காலில் நிலைத்து நிற்பது. கடைசியில்தான் கம்பில்லாமல், நேர்க்கோட்டில், மெதுவாகச் சுவடு. திரும்பும் சுவடும் எகிறலும் இந்த மூன்று மாதத்தில் கூடாது.

தொடக்க நாளில் முழங்கால் சில்லின் மேல்விளிம்பிலிருந்து 15 செ.மீ. மேலே இரு தொடைகளின் சுற்றளவையும் தையல் டேப்பால் அளந்து எழுதிவையுங்கள். பழைய காயத்தில் ஒரு தொடை மற்றதைவிட இளைத்திருப்பது கண்ணுக்கே தெரியும். வாரம் கழிய வித்தியாசம் குறைகிறதா என்பது பயிற்சி நடக்கிறதா என்பதற்கான சாட்சி. இரும்புத் தட்டு இல்லாதவர்கள் மணல் கட்டிய பையைக் கணுக்காலில் கட்டிக்கொள்ளலாம்.

அறுவைச் சிகிச்சை உறுதி என்று முன்கூட்டியே தெரிந்தாலும் இந்த மாதங்கள் வீண் அல்ல. விறைத்த, இளைத்த காலோடு மேசையேறினால், இறங்கிய பிறகும் அதே விறைப்போடுதான் மல்லுக்கட்ட வேண்டும்.

6. இப்போது முடிவெடுங்கள்

மூன்று மாதம் கழித்து நோட்டை மறுபடி இரண்டு வாரம் எழுதி, பழைய பக்கங்களோடு ஒப்பிடுங்கள்.

நழுவல் நின்றுவிட்டது, வயல் வேலையோ ஆலை வேலையோ தடையில்லாமல் நடக்கிறது, இனிமேல் கற்றுக்கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றால், அறுவைச் சிகிச்சைக்கு அவசரம் இல்லை. பயிற்சியை விடாமல், ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதித்துக்கொண்டு இருக்கலாம்.

பயிற்சிக்குப் பிறகும் அன்றாட நடையிலேயே கால் நழுவுகிறது என்றால், செய்துகொள்வதன் பக்கம் தராசு சாய்கிறது. அன்றாட நடை நன்றாக இருந்து ஆட்டத்தில் மட்டும் நழுவினால், போட்டிச் சிலம்பமும் சண்டைப் பயிற்சியும் இன்னும் எத்தனை ஆண்டு வேண்டும் என்று நீங்கள்தான் உங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கேள்விக்கு எந்த மருத்துவரும் விடை சொல்ல முடியாது.

இந்த இடத்தில் இரண்டு ஆய்வுகளை அறிந்துகொள்வது நல்லது. ஒன்றை மட்டும் காட்டி வாதாடுபவர்கள் இரு பக்கமும் உண்டு. ஸ்வீடனில் ஏ.சி.எல். புதிதாக அறுந்த 121 இளவயதினரை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டார்கள். உடனே அறுவை செய்துகொண்டவர்களுக்கும், பயிற்சியில் தொடங்கித் தேவைப்பட்டால் மட்டும் செய்துகொண்டவர்களுக்கும் இரண்டு ஆண்டு முடிவில் வேறுபாடு இல்லை. இரண்டாம் குழுவில் ஏறக்குறைய ஐந்தில் மூவர் அதுவரை அறுவையே செய்துகொள்ளவில்லை. பிரிட்டனில் காயம் பழையதாகி, நழுவல் தொடர்ந்த 316 பேரை ஆராய்ந்து 2022-இல் வெளியிட்டபோது, அறுவைச் சிகிச்சைக் குழுவே நன்றாக இருந்தது. பயிற்சிக் குழுவிலும் 41 சதவீதம் பேர் பின்னர் அறுவை செய்துகொண்டார்கள். இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. முதலாவது புதிய காயத்தைப் பற்றியது. பழைய காயத்தோடு நழுவலும் இருக்கும் நமக்கு இரண்டாவதே நெருக்கம்.

45 வயதுக்கு மேல், மூட்டுத் தேய்மானத்தோடு மெனிஸ்கஸ் நைந்திருப்பவர்களின் கணக்கு முற்றிலும் வேறு. "சின்ன ஓட்டை போட்டு உள்ளே சுத்தம் செய்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் இரண்டாவது கருத்துக் கேளுங்கள். தேய்மான மூட்டில் அப்படிச் சுத்தம் செய்வது, தோலை மட்டும் கீறித் தைத்த போலிச் சிகிச்சையைவிட மேலாக இல்லை என்று 180 பேரைக் கொண்ட அமெரிக்க ஆய்வு 2002-லேயே காட்டியது. தேய்மானம் இன்னும் தொடங்காமல் மெனிஸ்கஸ் மட்டும் நைந்த 146 பேரிடம், நைந்த பகுதியை வெட்டி எடுப்பதைப் பற்றி 2013-இல் பின்லாந்தில் நடந்த ஆய்வும் அதையே சொன்னது. மூட்டு உண்மையிலேயே பூட்டிக்கொள்பவர்கள் இதற்கு விலக்கு.

இன்னொரு தவறான நம்பிக்கையும் உண்டு: இப்போது செய்துகொண்டால் பிற்காலத்தில் தேய்மானம் வராது என்பது. அதற்கு யாரும் உறுதி தர முடியாது. அதை மட்டுமே காரணமாக வைத்து முடிவெடுக்காதீர்கள்.

7. மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

வீட்டிலிருந்து ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள்; பதற்றத்தில் பாதி காதில் விழாது. எனக்கு என்ன அறுவை, லிகமென்ட் புதிதாக வைப்பதா, மெனிஸ்கஸைத் தைப்பதா, வெட்டி எடுப்பதா? நார் எங்கிருந்து எடுக்கப்படும்? இந்த அறுவையை நீங்கள் அடிக்கடி செய்வதுண்டா? செய்யாவிட்டால் என்ன ஆகும்? என் முழங்காலில் ஏற்கெனவே தேய்மானம் எவ்வளவு?

நார் எங்கிருந்து என்று கேட்பது வீண் ஆர்வம் அல்ல. பெரும்பாலும் உங்கள் பின்தொடைத் தசைநாணையோ, முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள தசைநாணின் ஒரு பட்டையையோ எடுத்துத்தான் புது லிகமென்ட் செய்கிறார்கள். சில்லுக்குக் கீழிருந்து எடுத்தால் சிலருக்கு முழங்காலில் மண்டியிடும்போது வலி நிற்கும். சலாவரிசையில் (சிலம்பத்தின் வணக்க அசைவுகளில்) மண்டியிட வேண்டியவர்களும் தரையில் மண்டியிட்டுத் தொழுபவர்களும் இதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

மெனிஸ்கஸைத் தைத்தால் மீள்வது தாமதமாகும், சில மாதங்கள் முழுதாகக் குந்தக் கூடாது. வெட்டி எடுத்தால் சீக்கிரம் நடக்கலாம், ஆனால் மெத்தை போனது போனதுதான். தைக்க முடிந்ததைத் தைப்பதே மேல் என்பது என் சாய்வு.

சர்க்கரை, புகைப்பழக்கம், சாப்பிடும் மாத்திரைகள் மூன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். காயம் ஆறுவதையும் கிருமித்தொற்றையும் முதலிரண்டும் நேரடியாகப் பாதிக்கும்.

8. காப்பீடும் காகிதமும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய்; காப்பீடு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் அட்டை பெறலாம்.

அட்டை கையில் இருந்தால் போதும் என்று நினைத்துச் சேர்ந்துவிடக் கூடாது. உங்களுக்குச் செய்யப்போகும் அறுவை திட்டத்தில் இருக்கிறதா, அந்த மருத்துவமனை அதற்குப் பட்டியலில் உள்ளதா, முன் அனுமதி வந்துவிட்டதா, உள்ளே வைக்கும் திருகுகளின் விலை அதில் அடங்குமா என்று அங்குள்ள காப்பீட்டு மேசையில் கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகே படுக்கையில் சேருங்கள். ஓசூர் ஆலைகளில் வேலை செய்பவர்கள் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) அட்டை தங்களுக்கு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

9. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

மருத்துவர் கொடுக்கும் முதல் தேதியை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. பழைய காயம் சில வாரம் பொறுக்கும். மாந்தோப்பு வைத்திருப்பவர் காய் பறிக்கும் ஏப்ரல், மே, ஜூனில் படுத்தால், ஊன்றுகோலோடு தோப்புக்குப் போய் நிற்பார். நின்றவரை எனக்குத் தெரியும்.

எந்தக் கால் என்பதும் கணக்கில் சேர வேண்டும். வலது காலென்றால் பைக்கின் பிரேக்கும் கிக்கரும் அந்தப் பக்கம். இடது காலென்றால் கியர். மருத்துவர் சம்மதிக்கும் வரை ஓட்ட முடியாது, ஆகவே பிள்ளையைப் பள்ளியில் விடுவது யார் என்பதை முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் குந்தும் கழிப்பறை மட்டும் இருந்தால் கம்மோடு நாற்காலி ஒன்றை முன்கூட்டியே கொண்டுவந்து வைக்க வேண்டும். தரையில் படுப்பவர்களுக்குக் கட்டில் வேண்டும்.

10. களத்துக்குத் திரும்பும் நாளை முன்பே ஒப்புக்கொள்ளுங்கள்

முடிவெடுப்பதில் இதுவும் ஒரு பகுதி என்பதால் இங்கே வைக்கிறேன். அறுவைக்குப் பின் ஒன்பது மாதம் காத்திருக்க உங்களால் முடியாது என்றால், அறுவையைத் தள்ளிப்போடுவதே நேர்மை. மூன்றாம் மாதம் நடை சீராகிவிடும், வலி இருக்காது, கம்பு கையை இழுக்கும். ஆனால் வைத்த நார் உடலோடு ஒட்டி, இரத்த ஓட்டம் பெற்று உறுதிப்பட மாதங்கள் ஆகும். தொடக்க மாதங்களில் அது வைத்த நாளைவிடவும் பலவீனமாக இருக்கும் காலம் ஒன்று உண்டு. நார்வேயில் நடந்த ஆய்வில், ஒன்பதாம் மாதம் வரை விளையாட்டுக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயத்தின் வீதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

நாட்காட்டி மட்டும் போதாது. ஒற்றைக்காலில் தாவினால், அறுவை செய்த கால் மற்றதன் தூரத்தில் 90 சதவீதமாவது எட்ட வேண்டும். தொடையின் பலமும் அந்த அளவுக்கு வர வேண்டும். இதை இயன்முறை மருத்துவர் முன்னிலையில் அளக்க வேண்டும், வீட்டு முற்றத்தில் தனியாக அல்ல. அளவு தேறிய பிறகும் வரிசை இதுதான்: நேர்ச்சுவடு, திரும்பும் சுவடு, தனி வீச்சு, இரண்டு காலில் இறங்கும் எகிறல், ஒற்றைக்காலில் இறங்கும் எகிறல், கடைசியாக எதிராளியோடு கம்பு. சிமெண்ட் தரையில் தொடங்காதீர்கள். கெட்டிப்பட்ட மண்களமே இறங்கும் காலுக்கு நல்லது.